மூன்றாவது மிதி வேண்டுமா?



மோட்டார்க் காரை ஓட்டுபவரின் காலடியில் மூன்று மிதிகள் உண்டு. வலப்புறம் இருப்பது ஆக்சிலரேட்டர்; நடுவில் இருப்பது பிரேக்; இடப்புறம் இருப்பது கிளட்ச். இவற்றுள் மூன்றாவதாகிய கிளட்ச், உலகின் மிக விரைவான கார்களிலிருந்து சிறிது சிறிதாக விடைபெற்று வருகிறது. இருக்கைக்கு அருகே நிற்கும் கியர் ராடும் அதனுடன் விடைபெறுகிறது. அவற்றின் இடத்தில் வந்திருப்பது 'இரட்டைக் கிளட்ச்' என்னும் ஏற்பாடு. இதில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சிறு தகட்டை விரலால் இழுத்தால் கியர் மாறிவிடும். அதைக்கூடச் செய்யாமல் விட்டாலும் கணினியே வேண்டிய கியரைப் போட்டுக்கொள்ளும். இது வளர்ச்சியா, இழப்பா என்று கார்ப் பிரியர்களிடையே இருபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு நடந்து வருகிறது. அவ்வழக்கில் என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் வேகக் கார்களுக்கு என்ன வேலை என்று சிலர் மூக்கின்மேல் விரலை வைக்கலாம். சற்றுப் பொறுத்துப் படியுங்கள். இவ்வழக்கில் நமக்கும் பங்கு உண்டு என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

முதலில் கியர் எதற்கு என்பதைத் தெரிந்துகொள்வோம். பெட்ரோல் என்ஜின் எல்லாச் சுழற்சியிலும் ஒரே வலிமையைத் தருவதில்லை. மிக மெதுவாகச் சுழன்றால் திணறி நின்றுவிடும். அளவுக்கு மீறிச் சுழன்றால் உடைந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எல்லைக்குள்தான் அது நன்றாக உழைக்கும். காரோ நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும். மேடு ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் விரைய வேண்டும். என்ஜினின் சுழற்சிக்கும் சக்கரத்தின் சுழற்சிக்கும் இடையே நின்று சமரசம் செய்வதுதான் கியர் பாக்ஸில் உள்ள பல்சக்கரங்களின் வேலை. ஒரு கியரிலிருந்து மறு கியருக்கு மாறும்போது என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பைக் கணநேரம் துண்டிக்க வேண்டும். அதைத் துண்டிப்பதும் மீண்டும் இணைப்பதும் கிளட்ச்.

மேனுவல் காரில் இவ்வேலை முழுவதும் ஓட்டுபவருடையது. வலக்காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, இடக்காலால் கிளட்சை அழுத்தி, கையால் கியர் ராடைத் தள்ளி, பின்பு கிளட்சை மெல்ல விட்டு ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டும். பழங்காலத்தில் இது இன்னும் கடினமாக இருந்தது. சுழலும் பல்சக்கரங்களின் வேகம் ஒத்துப்போகாவிட்டால் 'கரகர' என்று அலறும். 1928-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனம் 'சிங்க்ரோமெஷ்' என்னும் ஏற்பாட்டைத் தன் கார்களில் பொருத்தியது. பல்சக்கரங்களின் வேகத்தை முதலில் ஒத்துப்போகச் செய்து, பிறகு அவற்றை இணைப்பதே அதன் வேலை. அதன்பின் கியர் மாற்றுவது சாதாரண மக்களுக்கும் எளிதாயிற்று.

இருந்தாலும் விரைவாக ஓட்டும்போது திறமை தேவைப்படவே செய்தது. வளைவு வருமுன் பிரேக் போட்டுக்கொண்டே கியரைக் குறைப்பதை எண்ணிப் பாருங்கள். வலப் பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும். அதே பாதத்தின் ஓரமோ குதிகாலோ ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி என்ஜினின் சுழற்சியை உயர்த்தும். இடக்கால் கிளட்சில் இருக்கும். ஒரு கை கியரில், மறு கை ஸ்டியரிங்கில். இத்தனையும் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் முடிய வேண்டும். சரியாகச் செய்தால் காரில் குலுக்கலே தெரியாது. தவறினால் பின்சக்கரங்கள் இழுபட்டுக் கார் தடுமாறும். வாரக்கணக்கில் பழகினாலன்றி இது கைவராது.

இனி இரட்டைக் கிளட்சைப் பார்ப்போம். நம் பள்ளி விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். கோலை வாங்க வேண்டியவள் நின்றுகொண்டிருந்தால் அவளுடைய அணி பின்தங்கிவிடும். தேர்ந்த அணியில், கோல் வருமுன்பே அடுத்தவள் ஓடத் தொடங்கியிருப்பாள். இருவரும் ஒரே வேகத்தில் ஓடும்போது கோல் கைமாறும். இரட்டைக் கிளட்சில் நடப்பதும் இதுதான். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படைக் கியர்களைக் கவனிக்கிறது. மற்றொன்று 2, 4, 6 என்னும் இரட்டைப்படைக் கியர்களைக் கவனிக்கிறது. குழாய் போன்ற ஒரு தண்டும் அதனுள் செல்லும் மற்றொரு தண்டும் இவ்விரண்டு குழுக்களையும் தாங்குகின்றன. கார் மூன்றாம் கியரில் ஓடும்போதே நான்காம் கியர் இணைந்து காத்திருக்கும். மாற்ற வேண்டிய நேரத்தில் ஒரு கிளட்ச் விலக, மற்றொன்று பற்றிக்கொள்ளும். என்ஜினின் இழுவை நடுவில் அறுபடுவதில்லை.

இவ்வெண்ணம் புதியதன்று. பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் 1939-ஆம் ஆண்டே இதற்குக் காப்புரிமை பெற்றார். உலகப் போர் குறுக்கிட்டது. 1943-ஆம் ஆண்டு அவரும் காலமானார். 1980-களில் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் இதனைப் பந்தயக் கார்களில் சோதித்துப் பார்த்தது. 1986-ஆம் ஆண்டு இத்தாலியின் மோன்சாவில் நடந்த உலகப் போட்டியொன்றில் இரட்டைக் கிளட்ச் பூட்டிய போர்ஷே 962 வெற்றியும் பெற்றது. ஆயினும் இரண்டு கிளட்சுகளையும் நொடிப்பொழுதில் ஆளக்கூடிய மலிவான மின்னணுக் கருவிகள் அன்று இல்லை. அவை வந்த பிறகு, 2003-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் கோல்ஃப் ஆர்32 என்னும் காரில் இது கடைக்கு வந்தது. 2005-இல் புகாட்டி வேரான், 2007-இல் நிசான் ஜிடி-ஆர், 2008-இல் போர்ஷே 911 எனப் பெரிய பெயர்கள் இதனை ஏற்றன. ஃபெராரி நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட 458 இத்தாலியாவுக்கு மூன்றாவது மிதியே கிடையாது.

யார் விரைவு என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. 2021-ஆம் ஆண்டு வெளியான போர்ஷே 911 ஜிடி3 காரை இரண்டு வகையிலும் வாங்க முடிந்தது. என்ஜின் ஒன்றே. மேனுவல் காரின் எடை 1,418 கிலோ. இரட்டைக் கிளட்ச் காரின் எடை 1,435 கிலோ. அதாவது மேனுவல் 17 கிலோ இலேசானது. ஆனால் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட மேனுவலுக்கு 3.9 வினாடி ஆகிறது. இரட்டைக் கிளட்சுக்கு 3.4 வினாடி போதும். அரை வினாடி என்றால் அற்பம் என்று எண்ண வேண்டாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் அரை வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். அது மூன்று கார்களை வரிசையாக நிறுத்திய நீளம். பந்தயத்தில் ஒரு விரற்கடையே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும்போது இந்தத் தூரத்தை யார் விட்டுக்கொடுப்பார்?

இரட்டைக் கிளட்சின் பெருமை வேகத்தோடு முடிவதில்லை. இரு கைகளும் ஸ்டியரிங்கை விட்டு அகல வேண்டியதில்லை. அவசரத்தில் ஐந்தாம் கியருக்குப் பதிலாக மூன்றாம் கியரைப் போட்டு என்ஜினை அளவு மீறிச் சுழலவைத்து உடைக்கும் விபத்து மேனுவலில் நேர்வதுண்டு. இங்கே கணினி அத்தகைய கட்டளையை ஏற்காது. இடக்கால் இயங்காதவர்களுக்கும் வேகக் காரின் கதவை இது திறந்துவிடுகிறது. இதனை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். குறைகளும் இல்லாமலில்லை. 2013-ஆம் ஆண்டு சீனாவில் இவ்வகைக் கியர் பாக்ஸில் கண்ட கோளாறினால் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. ஆனால் மேனுவல் காரிலும் கிளட்ச் தகடு தேய்கிறது. பழுது எல்லா இயந்திரங்களுக்கும் பொது. ஆகவே அதைக் காட்டி வாதாட நான் விரும்பவில்லை. பந்தயத் திடலில் கடிகாரம்தான் நீதிபதி என்றால் தீர்ப்பு இரட்டைக் கிளட்சுக்கே. மேனுவலை விரும்புவோர் இதனை மறுத்துப் பேசுவது வீண்.

அப்படியானால் வழக்கு ஏன் இன்னும் முடியவில்லை? அதற்கு அதே ஜிடி3 காரின் கதையே விடை சொல்லும். 2013-ஆம் ஆண்டு போர்ஷே நிறுவனம் ஜிடி3 காரின் மேனுவலை நீக்கிவிட்டு இரட்டைக் கிளட்சை மட்டும் தந்தது. கார் முன்னைவிட விரைந்தது. ஆனாலும் வாடிக்கையாளர் பலர் முணுமுணுத்தனர். 2016-ஆம் ஆண்டு அந்நிறுவனம் 911 ஆர் என்னும் காரை மேனுவல் கியருடன் மட்டும், 991 எண்ணிக்கையில் வெளியிட்டது. அவை விரைவில் பட்டியல் விலையைவிட மிக உயர்ந்த விலைக்குக் கைமாறின. 2017-ஆம் ஆண்டு ஜிடி3 காருக்கே மேனுவல் திரும்பி வந்தது. மெதுவான கியர் பாக்ஸை விரும்பிக் கேட்டு வாங்கியவர்கள் காரைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள் அல்லர், நன்றாக அறிந்தவர்கள்.

அதன்பின் அந்நிறுவனம் செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 2022-இல் வந்த 911 ஜிடி3 ஆர்எஸ் திடலில் நேரத்தைக் குறைப்பதற்கென்றே செய்யப்பட்ட கார். அதில் இரட்டைக் கிளட்ச் மட்டுமே உண்டு. 2023-இல் வந்த 911 எஸ்/டி, வளைந்து செல்லும் சாலைகளில் மகிழ்ந்து ஓட்டுவதற்கென்று செய்யப்பட்டது. அதில் மேனுவல் மட்டுமே உண்டு. இரண்டுக்கும் 525 குதிரைத்திறன் கொண்ட ஒரே வகை என்ஜின். எஸ்/டி 1,380 கிலோ. ஆர்எஸ் 1,450 கிலோ. எடையில் 70 கிலோ குறைந்தும் 100 கி.மீ. வேகத்தை எட்ட எஸ்/டிக்கு 3.7 வினாடி ஆகிறது, ஆர்எஸ் 3.2 வினாடியில் எட்டிவிடுகிறது. டயர் போன்ற பிற வேறுபாடுகளும் உண்டு என்றாலும், கியர் பாக்ஸின் பங்கு இதில் பெரிது. ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் பொறியாளர்களே இரண்டு கேள்விகளைப் பிரித்துவிட்டார்கள். எது விரைவு என்பது ஒன்று; எது ஓட்ட இனியது என்பது மற்றொன்று.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். "மிக்ஸி வந்த பிறகும் அம்மியைத் தூக்கிப் பிடிப்பவர்களைப் போலப் பேசுகிறாயே" என்று கேட்பார்கள். அம்மியின் அருமை பேசுபவர்கள் பெரும்பாலும் அதில் அரைக்காதவர்களே என்பது நமக்குத் தெரியும். நாள்தோறும் அடுப்படியில் நிற்கும் ஒரு தாயிடம் "அம்மியிலேயே அரை" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதுபோலவே நெரிசல் மிக்க சாலையில் அலுவலகம் சென்று திரும்பும் ஒருவரை நூறு முறை கிளட்ச் மிதிக்கச் சொல்வதும் தகாது. அங்கே கார் ஒரு தேவை. தேவையில் உழைப்பைக் குறைப்பதே அறிவு.

ஆனால் வேகக் கார் யாருக்கும் தேவையன்று. ஊர் போய்ச் சேர 525 குதிரைத்திறன் வேண்டியதில்லை. அதை ஒருவர் வாங்குவது ஓட்டும் இன்பத்துக்காகவே. இன்பத்துக்காகச் செய்யும் வேலையில் உழைப்பைக் குறைத்தால் எஞ்சுவது என்ன? வீணை பயிலும் ஒரு பெண்ணிடம், "இசைத்தட்டில் பிழையே இல்லையே, நீ ஏன் விரல் நோக வாசிக்கிறாய்?" என்று நாம் கேட்பதில்லை. அவள் வாசிப்பது பிழையற்ற இசையைப் பெறுவதற்காக மட்டுமன்று. தன் விரலில் அது பிறக்க வேண்டும் என்பதற்காக வாசிக்கிறாள்.

வேகமே அளவுகோல் என்பவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். அந்த அளவுகோலை ஏற்றால் இரட்டைக் கிளட்சும் நிலைக்காது. மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையைத் தருவதால் பெரும்பாலான மின்சாரக் கார்களில் கியர் மாற்றும் வேலையே இல்லை. தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட ஐயானிக் 5 என் என்னும் மின்சாரக் கார் ஏறத்தாழ 2,200 கிலோ எடையுள்ளது. குடும்பமே அமர்ந்து செல்லத்தக்கது. அதுவும் தன் முழுத் திறனை வெளிப்படுத்தினால் 3.4 வினாடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டுகிறது. முன்னர்ச் சொன்ன ஜிடி3 இரட்டைக் கிளட்ச் காரின் கணக்கும் அதே 3.4 வினாடிதான்! மேனுவலை வென்ற வாதமே இரட்டைக் கிளட்சின் கழுத்துக்கும் வந்து நிற்கிறது.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. அந்த ஐயானிக் 5 என் காரில் ஒரு பொத்தானை அழுத்தினால், இல்லாத எட்டுக் கியர்கள் இருப்பதுபோல் அது நடிக்கத் தொடங்கும். கியர் மாறுவதுபோல ஒரு சிறு குலுக்கலைத் தரும். ஒலிபெருக்கியின் வழியே என்ஜின் போல் முழங்கும். கியர் மாற்றுவது வெறும் தொல்லையாக இருந்திருந்தால், அதிலிருந்து விடுபட்ட காரில் அதையே பொய்யாகச் செய்து வைப்பானேன்? ஓட்டுபவருக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஓர் உரையாடல் வேண்டும் என்று மனித மனம் ஏங்குவதை அப்பொறியாளர்கள் உணர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அறிவை நான் பாராட்டுகிறேன். ஆனால் நடிப்பு நடிப்புத்தான். தவறு செய்ய இடமில்லாத வேலையில் தேர்ச்சி பெறவும் இடமில்லை.

மேனுவல் தருவது அந்தத் தேர்ச்சியை. முதல் நாளில் கார் திணறி நின்றுவிடும். நான்காம் நாளில் குலுங்கிப் புறப்படும். பல நாட்களுக்குப் பின் மேட்டில் நிறுத்தி ஓரங்குலமும் பின்னால் உருளாமல் எடுக்க வரும். என்ஜினின் ஒலியைக் கேட்டே எப்போது கியர் மாற்றுவது என்று காது சொல்லும். இரட்டைக் கிளட்ச் காரின் விரல் தகட்டில் நாம் கட்டளை இடுகிறோம். வேலையைக் கணினி செய்கிறது. அது எப்போதும் நன்றாகவே செய்கிறது. முதல் நாள் ஓட்டுபவருக்கும் இருபது ஆண்டு ஓட்டியவருக்கும் கியர் ஒரே மாதிரி விழும். அதுவே அதன் நிறை; என் கண்ணுக்கு அதுவே அதன் குறை.

இப்போது நமக்குரிய பங்குக்கு வருகிறேன். கார் ஓட்டக் கற்க விரும்பும் பெண்ணிடம் வீட்டாரும் உற்றாரும், "உனக்கு ஆட்டோமேட்டிக் போதும், கியர் எல்லாம் உன்னால் ஆகாது" என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அன்போடு சொல்வார்கள், ஆயினும் அச்சொல்லில் ஒரு பூட்டு இருக்கிறது. கியர் மாற்றுவதற்கு உடல் வலிமை பெரிதாக வேண்டியதில்லை. காதும் காலும் கையும் ஒத்துழைக்கும் பழக்கமே வேண்டும். தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே துணியை நேராக நகர்த்தும் கைகளுக்கு அது ஆகாதா?

ஐயுறுவோர் மிஷேல் மூட்டன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணியின் வரலாற்றைப் படிக்கட்டும். 1981-ஆம் ஆண்டு இத்தாலியின் சான்ரெமோ ராலியில், ஃபாப்ரீட்சியா போன்ஸ் வழிகாட்டியாக உடன் அமர, ஆடி குவாட்ரோ காரை ஓட்டி அவர் வென்றார். உலக ராலிப் போட்டி ஒன்றில் முதலிடம் பெற்ற முதல் பெண் அவரே. அடுத்த ஆண்டே போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் ஆகிய மூன்று நாட்டு ராலிகளில் வென்று உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். 1985-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில், ஏறத்தாழ 20 கி.மீ. மலைப்பாதையில் ஏறி, அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். அவர் வென்ற அந்தக் கார்களில் மூன்று மிதிகள் இருந்தன. கியர் ராடும் இருந்தது. புழுதியிலும் சரளைக் கற்களிலும் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மறு கையால் கியர் மாற்றிய அவரிடம், "உன்னால் ஆகாது" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

பெண்கள் ஆட்டோமேட்டிக் காரையோ இரட்டைக் கிளட்ச் காரையோ ஓட்டக் கூடாது என்பதன்று என் கருத்து. இரண்டையும் அறிந்து, இது எனக்கு வசதி என்று ஒருத்தி தேர்ந்தெடுத்தால் அது அவள் உரிமை. அறியவிடாமல் பிறர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அது உரிமையாகாது. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டுநர் தேர்வு பெற்றவருக்கு அவ்வகைக் கார்களை ஓட்ட மட்டுமே உரிமம் கிடைக்கும். மேனுவலில் தேர்வு பெற்றவரோ இரண்டையும் ஓட்டலாம். கடினமானதை முதலில் கற்றவளுக்கு இரண்டு கதவுகளும் திறக்கின்றன.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. மேனுவல் அழிந்துவிடும் என்று நான் அஞ்சவில்லை. செல்வர்களின் அலமாரிப் பொம்மையாகிவிடும் என்றே அஞ்சுகிறேன். பிரிட்டனில் கோர்டன் மர்ரே என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் டி.50 என்னும் மேனுவல் காரை உருவாக்கினார். மொத்தம் 100 கார்களே; ஒன்றின் விலை இருபது லட்சம் பவுனுக்கு மேல். போர்ஷே 911 எஸ்/டி 1,963 பேருக்கு மட்டுமே. இதற்கு மாறாக, 1976-ஆம் ஆண்டு முதல் நடுத்தர மக்களின் வேகக் கார் எனப் பெயர்பெற்ற கோல்ஃப் ஜிடிஐ, 2024-ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டபோது மேனுவலைக் கைவிட்டு இரட்டைக் கிளட்சுடன் மட்டும் வந்தது. கோடீசுவரருக்கு மூன்றாவது மிதி உண்டு, சம்பளக்காரருக்கு இல்லை. தலைகீழான இந்த நிலையே எனக்கு வருத்தம் தருகிறது.

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரே காருக்கு இரண்டு வகைக் கியர் பாக்ஸ் என்றால், புகைச் சோதனை முதலிய எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டும். வாங்குவோர் சிலரே என்றால் செலவு கட்டுப்படியாகாது. ஆனால் வழி இல்லாமல் இல்லை. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 2020-ஆம் ஆண்டு ஜிஆர் யாரிஸ் காரை மேனுவலில் வெளியிட்டது, 2024-ஆம் ஆண்டு அதில் ஆட்டோமேட்டிக்கையும் சேர்த்தது, மேனுவலை நீக்கவில்லை. ஹூண்டாயும் 2017-இல் மேனுவலாக வந்த தன் ஐ30 என் காருக்குப் பின்னர் இரட்டைக் கிளட்சையும் சேர்த்தே தந்தது. 1989-ஆம் ஆண்டு பிறந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் சிறு கார், பெரிய என்ஜின் இல்லாமலே கியர் மாற்றும் இன்பத்தால் தலைமுறை தலைமுறையாக விற்றுவருகிறது. கேட்பவர் இருந்தால் செய்பவர் இருப்பார். ஜிடி3 காருக்கு மேனுவல் திரும்பி வந்ததும் கேட்டவர்களால்தான்.

ஆகவே என் முடிவு இது. பந்தயத்துக்கென்று செய்யும் காரில் இரட்டைக் கிளட்ச் இருக்கட்டும். நெரிசலில் ஓடும் காரில் ஆட்டோமேட்டிக் இருக்கட்டும். ஓட்டும் மகிழ்ச்சிக்கென்று செய்யும் காரில், அது விலை குறைந்த காராக இருந்தால் மிகவும் கட்டாயமாக, மேனுவலும் இருக்க வேண்டும். 14 மீட்டர் பின்தங்குவதால் சாலையில் செல்பவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. ஒரு வேலையைத் தானே செய்து, தானே தவறி, தானே தேறுகின்ற வாய்ப்பை இழப்பதுதான் நட்டம்.

தோழியரே! பதினெட்டு வயது நிரம்பி ஓட்டுநர் பயிற்சிக்குப் போகும்போது, மூன்று மிதி உள்ள காரையே முதலில் கேளுங்கள். நான்கைந்து முறை நின்றுபோகும்; பின்னால் வருபவர்கள் ஹார்ன் அடிப்பார்கள்; அடிக்கட்டும். கற்றுக்கொண்ட பிறகு எந்தக் காரை வேண்டுமானாலும் வாங்குங்கள்.